ஜாக்கைக் குறை சொல்லும் முன்

ஈப்போ

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. பக்கத்து வீட்டுப் பையனின் மடிக்கணினி இரவில் தானாக அப்டேட் ஆனதையும், அதற்குப் பிறகு ஹெட்போனைச் செருகினாலும் சத்தம் ஸ்பீக்கரிலேயே வருவதையும் சொல்லியிருந்தாய். பட்டணத்துக் கடையில் ஜாக்கை மாற்றச் சொன்னார்களாம். இதைப் போனில் சொன்னால் பாதி விட்டுப் போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், கடையில் காசு கட்ட விடாதே. முந்தின இரவு வரை ஒழுங்காக இருந்த ஜாக், அப்டேட் ஆன மறுநாள் காலையில் கெட்டுப்போனதாகச் சொன்னால் நான் நம்ப மாட்டேன். முதல் சந்தேகம் அப்டேட் மேல்தான் விழ வேண்டும்.

காரணம் சொல்கிறேன். அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் ரேடியோவில் ஹெட்போன் முனையைச் செருகினால், ஜாக்குக்குள் இருந்த பித்தளைத் தகடு விலகும், ஸ்பீக்கருக்குப் போகும் இணைப்பு அறுபடும். எல்லாம் தகட்டின் வேலை. இன்றைய கணினி அப்படி இல்லை. 2004-இல் இன்டெல் கொண்டுவந்த ஹை டெஃபினிஷன் ஆடியோ முறையில், முனை செருகப்பட்டதை ஜாக் ஒலிச் சில்லுக்குத் தெரிவிக்கிறது. சில்லு டிரைவர் என்ற மென்பொருளுக்குச் சொல்கிறது. ஸ்பீக்கரை நிறுத்தி ஒலியை ஹெட்போனுக்கு விட வேண்டும் என்று முடிவெடுப்பது டிரைவர். தோட்டத்துக்குப் புது மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், வந்த முதல் நாளை நினைத்துக்கொள்: ஆள்களும் மலைகளும் அதேதான், யாரை எந்த மலைக்கு அனுப்புவது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அப்டேட்டில் பெரும்பாலும் மாறியிருப்பது டிரைவர்தான்.

இன்னொன்றும் உண்டு. பல மடிக்கணினிகளில் ஒலிச் சில்லு தைவானின் ரியல்டெக் நிறுவனத்துடையது. ஆனால் அந்தச் சில்லின் எந்தக் கால் ஸ்பீக்கருக்கு, எந்தக் கால் ஹெட்போனுக்கு என்று கம்பி இழுப்பவர் கணினியைத் தயாரித்தவர். அது மாடலுக்கு மாடல் வேறுபடும். விண்டோஸ் கொடுக்கும் பொதுவான டிரைவர், அந்த மாடலுக்கென்று தயாரிப்பாளர் செய்த ஏற்பாடுகளை எப்போதும் அறிந்திருப்பதில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பழைய கணினிகளைப் பதினொன்றுக்கு மாற்றுகிறவர்களிடமிருந்து இதே புகார் உனக்கு இன்னும் வரும்.

பையனின் கணினியை எடுத்ததும் எதையும் நீக்காதே. ஹெட்போனை ஒரு கைப்பேசியில் போட்டுக் கேள். அது சரியாக இருந்தால், கணினியில் கடிகாரத்தின் பக்கத்திலுள்ள ஸ்பீக்கர் குறியை அழுத்தி, ஒலி போகும் சாதனங்களின் பட்டியலைப் பார். சில டிரைவர்கள் ஸ்பீக்கரையும் ஹெட்போனையும் ஒரே சாதனமாக வைத்துத் தாமே மாற்றும். சில டிரைவர்கள் இரண்டாகப் பிரித்துக் காட்டிவிட்டு, நாம் தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிடும். இரண்டாவது வகை என்றால் ஹெட்போனைத் தொட்டுவிட்டால் போதும், வேலை முடிந்தது. பட்டியலில் எச்டிஎம்ஐ திரையின் பெயர் தேர்வாகியிருந்தாலும் ஆச்சரியப்படாதே. கிராபிக்ஸ் டிரைவர் புதிதாக ஏறினால் ஒலி அந்தப் பக்கம் போய்விடுவது உண்டு. கூகுள் மீட், சூம் போன்றவற்றுக்குத் தனி ஸ்பீக்கர் தேர்வு இருப்பதையும் மறக்காதே. விண்டோஸில் எல்லாம் சரியாக இருந்தும் வகுப்பின் சத்தம் மட்டும் வெளியே கேட்டால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மாறவில்லையா, டிவைஸ் மேனேஜருக்குப் போ. ஒலிச் சாதனங்களின் கீழ் ரியல்டெக் என்ற பெயர் இருந்த இடத்தில் வெறும் 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்று இருந்தால் பொது டிரைவர் வந்து உட்கார்ந்துவிட்டது. பிராப்பர்ட்டீஸில் டிரைவர் பக்கத்தைத் திறந்து, பதிப்பு எண்ணையும் தேதியையும் தாளில் எழுதிக்கொண்டு, 'ரோல் பேக் டிரைவர்' பொத்தானை அழுத்து. அது மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் கணினியில் இல்லை என்று அர்த்தம். அப்போது கணினியின் அடியில் உள்ள மாடல் எண்ணைப் பார்த்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் ஒலி டிரைவரை இறக்கு. எல்லா டிரைவரையும் இலவசமாகப் புதுப்பித்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள் பக்கமே போகாதே. அவற்றால் ஒலியோடு போயிருக்க வேண்டிய தொல்லை கணினி முழுவதும் பரவிய கதைகள் நிறைய.

புது வகை டிரைவர் ஏறியிருந்தால் பழைய ரியல்டெக் மேனேஜர் திறக்காது. மைக்ரோசாப்ட் ஸ்டோரில் ரியல்டெக் ஆடியோ கன்சோல் கிடைக்கும். முன்பக்க ஜாக்கைக் கண்டறிவதை நிறுத்துவது, முன்னும் பின்னும் வெவ்வேறு ஒலி அனுப்புவது போன்ற தேர்வுகள் அதற்குள் இருக்கலாம். அப்டேட்டில் அவை இடம் மாறியிருக்கக்கூடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, கணினியை அணைத்துப் போட்டுப் பார், பிறகு அடுத்ததைத் தொடு. மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது தீர்த்தது என்று உனக்கே தெரியாது. அடுத்த வீட்டுக் கணினிக்கு அந்த அனுபவம் உதவாது.

கடைக்காரர் சொன்னது உண்மையா என்று தீர்க்க நல்ல சோதனை ஒன்று உண்டு. உபுண்டுவை யுஎஸ்பி குச்சியில் போட்டு, கணினியில் நிறுவாமலே அதிலிருந்து இயக்கு. அங்கே ஹெட்போனைச் செருகியதும் ஸ்பீக்கர் அடங்கினால் ஜாக்கில் குறையே இல்லை. அங்கும் மாறவில்லை என்றால் டெர்மினலில் அல்சாமிக்சரைத் திறந்து ஆட்டோ-மியூட் இயங்குகிறதா என்று பார். அதன் பிறகும் மாறாவிட்டால்தான் ஜாக்கைச் சந்தேகப்படலாம். அப்போதும் உடனே மாற்றச் சொல்லாதே. கேமரன் மலையின் மூடுபனியில் உலோக முனைகளில் ஈரமும் களிம்பும் படிவது இயல்பு. கணினியை அணைத்து, முனையை உலர்ந்த துணியால் துடைத்து, சில முறை செருகி எடுத்துப் பார்.

டிரைவரை மாற்றிய பிறகு ஹெட்போனை நேராகக் காதில் மாட்டாதே. பையனையும் மாட்ட விடாதே. ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனியாக இருந்த ஒலி அளவு அழிந்து, நூறில் வந்து நிற்கலாம். முதலில் பத்துக்கு இறக்கிவிட்டுக் கேட்கச் சொல். குழந்தைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபல் என்பது உலக சுகாதார அமைப்பு தரும் வரம்பு. கெட்ட காதை எந்த ரோல் பேக்கும் திருப்பித் தராது.

டிரைவர் சரியானதும் விண்டோஸ் அப்டேட்டைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வை. இல்லையென்றால் அதே டிரைவர் திரும்ப வந்து உட்காரும். ஆனால் நிரந்தரமாக நிறுத்தாதே. பாதுகாப்புக்கான அப்டேட்டும் அதோடு நின்றுபோகும்.

இதற்கு இவ்வளவு எழுதுவானேன் என்று நீ நினைக்கலாம். 2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்ததை நீயே அனுபவித்தாய். லயத்து வீட்டில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் வகுப்பு நடக்கும், அந்தப் பக்கம் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்குவார். ஹாபு, சுங்கை பாலாஸ் தோட்டங்களில் நான் பார்த்த வீடுகளில் படிக்கிற பிள்ளைக்குத் தனி அறை கிடையாது. ஹெட்போன்தான் அந்தப் பிள்ளையின் அறை. அது வேலை செய்யாவிட்டால், யாரையும் எழுப்பக் கூடாதென்று பிள்ளை சத்தத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் பாடத்தையே மூடிவிடும். கொழுந்து பறிக்கும் சம்பளத்தில் அந்த வீட்டார் தேவையில்லாத ஜாக்குக்குக் காசு கொடுப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

உன்னிடம் வரும் ஒவ்வொரு கணினிக்கும் மாடல் எண், பழைய டிரைவரின் பதிப்பு, புதிய பதிப்பு, எதை மாற்றியதும் சரியானது என்று ஒரு நோட்டில் எழுதி வை. பையனின் கணினியில் ரோல் பேக் பொத்தான் மங்கலாக இருந்தால், வேறெதையும் தொடாமல் மாடல் எண்ணை எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா