துண்டுப்பிரசுரம் எழுதுதல்

மாணவர்களே, துண்டுப்பிரசுரத்தின் நோக்கம் ஒரு திட்டத்தைப் புகழ்வதன்று. அதனை அறியாதவரிடம் செய்தியைச் சேர்ப்பதே அதன் நோக்கமாகும். பின்வரும் வினாவைக் கொண்டு இதனை நோக்குவோம்.

வினா: வசதியின்மையால் பல்கலைக்கழகக் கல்வி தமக்கு எட்டாது எனக் கருதுவோருக்கு, மகாபொல புலமைப்பரிசிலை அறிமுகஞ் செய்யும் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தயாரிக்குக.

1. தகவல்களைத் திரட்டுக
மகாபொல நிதியம் 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்டது. அதனைத் தொடக்கி வைத்தவர் அப்போதைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலி ஆவார். அரச பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவாகும் மாணவருக்கு இது வழங்கப்படுகின்றது. உயர்தரப் பெறுபேறும் குடும்ப வருமானமும் கருத்திற் கொள்ளப்படும்.

2. வாசகர் யார் எனத் தீர்மானிக்குக
உயர்தரம் எழுதியோர் மட்டுமே வாசகர் எனக் கொள்வது தவறு. சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போக எண்ணும் மாணவனுக்கும் அவனது பெற்றோருக்குமே இச்செய்தி முதலிற் சேர வேண்டும். உதவி உண்டென்பதை அவர்கள் பின்னர் அறிந்து பயனில்லை.

3. அவர்களது ஐயங்களுக்கு விடை தருக
* படிப்புக்குக் கட்டணம் உண்டா? அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி உள்வாரியாக முதற்பட்டம் பயில்வோரிடம் கற்பித்தற் கட்டணம் அறவிடப்படுவதில்லை.
* சாப்பாடு, தங்குமிடம், பிரயாணம்? இச்செலவுகளுக்கே புலமைப்பரிசில் கைகொடுக்கின்றது.
* மகாபொல கிடைக்காவிடின்? குறைந்த வருமானமுடைய குடும்பத்து மாணவர் பல்கலைக்கழக நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

4. தலைப்பை ஒப்பிடுக
(அ) "மகாபொலவின் மகத்தான சேவை"
(ஆ) "காசில்லை என்று படிப்பை நிறுத்தாதீர்கள், கம்பஸ் போனால் உதவி உண்டு!"
முதலாவது நிதியத்தைப் பற்றிப் பேசுகின்றது. இரண்டாவது வாசகரோடு பேசுகின்றது. எனவே (ஆ) சிறந்தது.

5. எங்கே, எப்போது வழங்குவது?
பாடசாலை அறிவித்தற் பலகை மட்டும் போதாது. பெற்றோர் கூட்டம், வாசிகசாலை, சாதாரண தரப் பெறுபேறு பெறவரும் நாள் என்பன பொருத்தமானவை.

கவனிக்குக:
* "ஏழை மாணவருக்கு" என எழுதாதீர்கள். பிறர் பார்க்க அதனைக் கையில் வாங்கக் கூச்சப்படுவர்.
* "எல்லோருக்கும் கிடைக்கும்" என வாக்களிக்காதீர்கள்.
* தொகையும் விண்ணப்ப முடிவுத் திகதியும் மாறக்கூடியவை. உத்தியோகபூர்வ அறிவித்தலைப் பார்த்தே குறிப்பிடுக.
* எழுதியதை வீட்டில் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அடுத்து என்ன செய்ய வேண்டுமென அவரால் சொல்ல முடிந்தால் உங்கள் பிரசுரம் வெற்றி பெற்றதாகும்.

பயிற்சி: மேற்கூறியவற்றைத் துணையாகக் கொண்டு 100 சொற்களில் துண்டுப்பிரசுரத்தைத் தயாரிக்குக.