செலவிலும் அதிகம் தரும் வீடு



மருதனார்மடச் சந்தியின் நண்பகல் வெயில் நாம் அறிந்ததே. அதனைக் கூரையில் மின்சாரமாக்கி, மிகுதியை விலைக்குக் கொடுக்க 2016இல் அரசு வழி திறந்தது.

எனினும் மிகுதி தகட்டினால் மட்டும் வருவதன்று. 2 கிலோவாற் சூரியத் தகடுகள் மாதம் ஏறத்தாழ 220 அலகு தரும். 200 அலகு செலவிடும் வீட்டில் மிஞ்சுவது 20. செலவை 120 ஆகக் குறைத்த வீட்டில் மிஞ்சுவதோ 100.

குறைக்கும் வழியை நமது நாற்சார் வீடுகள் கற்பிக்கின்றன. நடுமுற்றத்தால் வெக்கை வெளியேறும். விறாந்தை சுவரை வெயிலிலிருந்து காக்கும். மின்விசிறிக்கு வேலை குறையும். புதுவீடு கட்டுவோர் நீண்ட சுவர்களை வடக்கும் தெற்கும் பார்க்க வைத்து, மேற்கே வேம்பு நடுக.

2025 சித்திரை விடுமுறையில் மின்தேவை குறைந்தபோது, தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டது. ஆகவே தண்ணீர் மோட்டரையும் மின்னழுத்தியையும் நண்பகலிலேயே இயக்கப் பழகுங்கள்.