தொட்டி வேலையும் காசநோயும்

மாடு அறுக்கும் இடத்தை அரசாங்கக் காகிதத்தில் இறைச்சிக்கூடம் என்று எழுதுவார்கள். சென்னை மக்களுக்கு அது தொட்டி. அங்கே விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். அறுக்க வேண்டும். தோல் உரிக்க வேண்டும். குடல் அலச வேண்டும். கறியை வண்டியில் ஏற்ற வேண்டும். நின்று பார்க்க நேரம் இருக்காது.

மாட்டுக்கும் காசநோய் வரும். மனிதருக்கு வருகிற டி.பி.யின் இனம்தான் அது. நோய் உள்ள மாடு பார்க்க நன்றாகவே இருக்கலாம். தீனி தின்னும். பால் கறக்கும். நெஞ்சைப் பிளந்தால்தான் நோய் தெரியும். நுரையீரலிலும் நெறிகளிலும் கட்டி கட்டியாக இருக்கும். கட்டிக்குள்ளே தயிர்க்கட்டி போல மஞ்சளாகச் சீழ் இருக்கும். பழைய கட்டி என்றால் சுண்ணாம்பு ஏறி இருக்கும். கத்தி படும்போது மணலை அறுப்பது போல நறநற என்று கேட்கும்.

அந்தக் கட்டியில்தான் கிருமி இருக்கிறது. அதை அறுத்தால் கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் கலக்கும். மூச்சோடு உள்ளே போகும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அதன் வழியாகவும் கிருமி நுழையும். அந்த இடம் மரு போலத் தடிக்கும். மாதக்கணக்கில் ஆறாது.

ஆகவே கட்டியைக் கண்டால் அறுக்கக் கூடாது. பிதுக்கவும் கூடாது. கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அறுக்கும் முன்பும் பின்பும் மாட்டைச் சோதிப்பது அவர் பொறுப்பு. நோய் பரவியிருந்தால் முழு மாட்டையும் கழிக்கச் சொல்வார். இங்கேதான் சிக்கல். மாட்டுக்காரருக்கு நட்டம். "பேசாமல் தூக்கிப் போடு" என்பார். நாய்க்குப் போட்டால் நாய்க்கும் தொற்றும்.

முகத்தில் துண்டு கட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. என்-95 முகமூடி வேண்டும். கையுறை வேண்டும். பூட்ஸ் வேண்டும். இவற்றை வாங்கித் தர வேண்டியவர் வேலை வாங்குபவர். கூலிக்காரர் தலையில் அதைக் கட்டுவது நியாயம் அல்ல. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, உடை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

"சின்ன வயதில் பி.சி.ஜி. ஊசி போட்டாச்சு" என்று சிலர் சொல்வார்கள். அந்த ஊசி மருந்தே மாட்டுக் கிருமியிலிருந்து வந்ததுதான். பிரான்சில் இருவர் அதைப் பல ஆண்டுகள் வளர்த்து வலுவிழக்கச் செய்தார்கள். 1921-இல் முதன்முதலாகக் குழந்தைக்குக் கொடுத்தார்கள். குழந்தைகளுக்கு அது நல்ல பாதுகாப்பு. ஆனால் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று அதில் தெரிந்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாலையில் காய்ச்சல், எடை குறைவு இருந்தாலும் போக வேண்டும். சளியைச் சோதிக்கக் காசு இல்லை. டாக்டர் கேட்பார்:

"என்ன வேலை செய்றீங்க?"

"கூலி வேலைங்க, டாக்டர்."

தொட்டியில் வேலை என்று சொல்லப் பலருக்குக் கூச்சம். ஆனால் டாக்டருக்குத் தெரிய வேண்டியதே அதுதான். மாட்டுக் கிருமியில் வகைகள் உண்டு. போவிஸ் என்ற வகைக்குப் பைரசினமைடு என்ற மாத்திரை கேட்காது. காசநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் நான்கு மருந்துகளில் அதுவும் ஒன்று. எந்த வகைக் கிருமி என்பது சாதாரணச் சளிச் சோதனையில் தெரியாது. வேலையைச் சொன்னால்தான் டாக்டர் கூடுதல் சோதனைக்கு அனுப்புவார்.

இது வீண் பயம் அல்ல. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சேகரித்த 940 காசநோய் மாதிரிகளை ஆராய்ந்தார்கள். முடிவு 2020-இல் வெளிவந்தது. 7 மாதிரிகளில் ஓரிகிஸ் என்ற வகைக் கிருமி இருந்தது. சென்னையில் மாட்டிலும் இதே வகை கிடைத்திருக்கிறது. அந்த 7 பேரும் தொட்டியில் வேலை செய்தவர்கள் என்று பொருள் அல்ல. மாட்டைச் சேர்ந்த கிருமி நம் பக்கத்து மனிதரிடமும் இருக்கிறது என்பதே செய்தி.

மருந்து இலவசம். பொதுவாக ஆறு மாதம் சாப்பிட வேண்டும். இருமல் நின்றதும் பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். சத்தான உணவுக்காக அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். பணம் வங்கிக் கணக்கில் வரும். பெயர் பதியப் போகும்போது கணக்குப் புத்தகத்தை எடுத்துப்போக வேண்டும். வீட்டில் உள்ளவர்களையும் சோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.