வழிப்போக்கர்க்கு நிழல் தரும் ஊர்

கோயில் இல்லாத ஊரில் குடிபுகலாகாது என்று நம் முன்னோர் சொல்லி வந்தனர். இன்று வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் ஆகிய வட்டாரங்களிலுள்ள சிற்றூர்களை விட்டு, கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் நகரங்களில் குடியேறும் நம் குடும்பத்தினர் வேறு வினாக்களையே முதலில் கேட்கின்றனர். குடிநீர் நாள்தோறும் வருமா? பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் உண்டா? மருத்துவமனை அருகில் இருக்கிறதா? வீட்டு வாடகை எவ்வளவு? இல்லறத்தார் இவற்றைக் கேட்பது தவறன்று, கேட்டே ஆகவேண்டும். ஆயினும் இவை யாவும், "இவ்வூர் எமக்கு என்ன தரும்?" என்னும் ஒரே வினாவின் பல வடிவங்களே. நல்லூர் எது என்று அறிய இவ்வொரு வினா போதுமா என்பதைத் திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் சான்றாகக் கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம்.

ஊரை அளக்கும் கோல்கள்

நகரங்கள் வாழ்வதற்கு எவ்வளவு ஏற்றவை என்பதை அளந்து, நடுவண் அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் 2018ஆம் ஆண்டில் ஒரு தரவரிசையை வெளியிட்டது. நிருவாகம், சமூகம், பொருளாதாரம், கட்டமைப்பு என்னும் நான்கு பிரிவுகளில் 111 நகரங்கள் ஆராயப்பட்டன. அவற்றுள் திருச்சிராப்பள்ளி 12ஆம் இடத்தைப் பெற்றது. தூய்மை பற்றிய தேசிய ஆய்வில் 2016ஆம் ஆண்டில் 73 நகரங்களுள் 3ஆம் இடத்தைப் பெற்ற அதே நகரம், 2020ஆம் ஆண்டில் பத்து இலட்சத்திற்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட நகரங்களின் வரிசையில் 102ஆம் இடத்திற்குச் சென்றது. அளக்கும் முறையும் போட்டியிடும் ஊர்களின் எண்ணிக்கையும் மாறும்போது இடமும் மாறும். ஆகவே இத்தகைய வரிசைகளைப் புறக்கணிக்கவும் வேண்டா; அவற்றையே முடிவாகக் கொள்ளவும் வேண்டா.

நம் இல்லந்தோறும் போற்றப்படும் திருக்குறளில் 'நாடு' என்றே ஓர் அதிகாரம் உண்டு. நோயற்ற வாழ்வும் பொருளும் விளைச்சலும் மகிழ்ச்சியும் பாதுகாப்பும் நாட்டிற்கு அணிகள் என்று அது கூறுகிறது. இன்றைய அமைச்சகம் அளப்பனவும் ஏறத்தாழ இவையே. ஆனால் அதே அதிகாரத்தில் வேறொன்றும் கூறப்பட்டுள்ளது. வெளியிலிருந்து வந்து சேரும் சுமையையும் தாங்கவல்லதே நாடு என்பது அது. எந்தத் தரவரிசையிலும் இதற்கு மதிப்பெண் இல்லை. நாம் கருத வேண்டிய இரண்டாம் வினா இங்கேதான் பிறக்கிறது. தன்னைச் சார்ந்திராத ஒருவன் வந்து நிற்கும்போது இவ்வூர் அவனுக்கு என்ன தரும்?

மூவர் நடந்த வழி

இவ்வினாவுக்குச் சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் விடை உள்ளது. புகார் நகரை விட்டு நீங்கிய கோவலனும் கண்ணகியும், நம் அறத்தைச் சார்ந்த துறவியாகிய கவுந்தியடிகளோடு மதுரையை நோக்கி நடந்தனர். பொருளை இழந்தவன் ஒருவன். நெடுவழி நடந்தறியாத இளம்பெண் ஒருத்தி. தவம் ஒன்றே உடைமையாகக் கொண்ட முதியவர் ஒருவர். ஊர்களை அளப்பதற்கு இம்மூவரினும் சிறந்த கோல் இல்லை. ஏனெனில் எந்த ஊருக்கும் இவர்களால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

புறப்படும்போதே கவுந்தியடிகள் வழியின் தன்மையை எடுத்துரைக்கிறார். வயல்வழியே சென்றால், களை பறித்தோர் குவித்த குவளை மலர்களில் கிடக்கும் வண்டுகளை அறியாமல் மிதிக்க நேரும். நீர்க்கரை வழியே சென்றால் நண்டும் நத்தையும் காலடியில் துன்புறும். அத்துன்பம் பொறுக்கத்தக்கதன்று என்கிறார். தமக்கு நேரக்கூடிய இடரோடு, தம்மால் பிற உயிர்க்கு நேரக்கூடிய இடரையும் சேர்த்து எண்ணிய பின்னரே அவர் அடியெடுத்து வைக்கிறார். ஊருக்குள் நுழைவோர் கொள்ள வேண்டிய முதல் ஒழுக்கம் இதுவே.

பின்னர் அவர்கள் காவிரி சூழ்ந்த அரங்கத்தை அடைந்தனர். அங்கே மரங்கள் செறிந்த சோலையில் சாரணர் தோன்றி வினையின் இயல்பை எடுத்துரைத்தனர்; கவுந்தியடிகள் அருகனைப் போற்றினார். அதன்பின் ஓடமேறித் தென்கரையை அடைந்து ஒரு பூஞ்சோலையில் தங்கினர். நிழலும் நீரும் அறவுரையும் ஆற்றைக் கடக்க ஓடமும், பொருள் கொடுக்க இயலாத மூவர்க்கும் கிடைத்தன.

அச்சோலையிலேயே வேறொன்றும் நிகழ்ந்தது. அவ்வழியே வந்த இருவர் கோவலனையும் கண்ணகியையும் கண்டு, "இவர்கள் யார்?" என்று வினவினர். என் மக்கள் என்னும் பொருள்பட அடிகள் விடை கூற, அவர்கள் அச்சொல்லைத் திரித்து இழிவாக நகைத்தனர். சினமுற்ற கவுந்தியடிகள் அவர்கள் நரிகளாகுமாறு சபித்தார். இழிக்கப்பட்ட கோவலனும் கண்ணகியுமே அவர்கள் அறியாமல் பேசினர் என்று இரங்கி வேண்ட, சாபம் பன்னிரண்டு திங்களுக்கு எனக் குறைக்கப்பட்டது. உறையூர் மதிலின் புறத்தேயுள்ள காட்டில் அந்நரிகள் திரிந்தன என்பது கதை.

இதனைக் கதை என்றே கொண்டாலும் இதன் பொருளை நாம் விடுதலாகாது. சோலையும் ஓடமும் உறைவிடமும் உள்ள ஊரிலும், வந்தவனை இழிவாகப் பேசும் ஒரு சொல் அத்தனை நன்மையையும் கெடுத்துவிடும். அச்சொல் தவத்தில் நிலைபெற்ற ஒருவரையும் சினங்கொள்ளச் செய்தது என்பதை நினைவில் கொள்வோம். பொறுமையைக் காட்டியவர்களோ, ஊரற்றவராய் வந்த அவ்விருவரே.

பின்பு உறையூரில் அருகன் பள்ளியில் வழிபட்டு, அங்கிருந்த துறவியரோடு அன்று தங்கி, மறுநாள் வைகறையில் அவர்கள் புறப்பட்டனர். வழியில் திருமாலை வழிபடும் மாங்காட்டு மறையவன் ஒருவன் எதிர்ப்பட்டான். அவன் திருவரங்கத்தையும் வேங்கடத்தையும் புகழ்ந்தான். மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளையும் அவர்களுக்கு விளக்கினான். சமயம் வேறு, ஆயினும் வழி கேட்டவர்க்கு வழி சொல்வதில் வேற்றுமை இல்லை. அநேகாந்தம் நூலில் மட்டுமன்று, சாலையிலும் உண்டு என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

பள்ளியும் சத்திரமும்

திருச்சிராப்பள்ளியின் பெயரில் 'பள்ளி' இருக்கிறது. மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையார் கோயிலின் பின்புறம் உள்ள இயற்கைக் குகையில் நம் துறவியர் வதிந்த கற்படுக்கைகள் உள்ளன. அங்குள்ள சிறு கல்வெட்டுகளுள் ஒன்றில் 'சிரா' என்னும் பெயர் காணப்படுவதாகவும், அத்துறவியின் பள்ளியே ஊர்ப்பெயராயிற்று என்றும் ஆய்வாளர் சிலர் கருதுவர். மூன்று தலைகளையுடைய திரிசிரன் வழிபட்ட இடமாதலின் அப்பெயர் வந்தது என்பது சைவ மரபு. எந்தக் கருத்தைக் கொண்டாலும், உடைமையற்றவர் தங்குவதற்கு இம்மலை இடம் தந்தது என்பதைக் கற்படுக்கைகளே சொல்கின்றன. அதே மலையில் 7ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் சிவனுக்குக் குடைவரை எடுத்தான். பல சமயத்தார்க்கும் இம்மலை இடம் தந்திருக்கிறது.

அடிவாரத்திற்கு அருகிலுள்ள பேருந்து நிலையத்திற்குச் 'சத்திரம்' என்று பெயர். வழிப்போக்கர் தங்கிய சத்திரத்தின் நினைவு அப்பெயரில் நிற்கிறது. ஊரின் முதற்பெயரில் பள்ளியும், மக்கள் நாள்தோறும் சொல்லும் இடப்பெயரில் சத்திரமும் இருப்பது நாம் எண்ணி மகிழத்தக்கது.

அடைக்கலம் தந்த ஊரும் அடைக்கலம் தேட நேரும் என்பதற்குத் திருவரங்கமே சான்று. 1323ஆம் ஆண்டில் தில்லிப் படையெடுப்பின்போது அரங்கனின் உற்சவத் திருமேனியை எடுத்துக்கொண்டு அடியார்கள் ஊரை நீங்கினர். பல நாடுகளில் அலைந்து, 1371ஆம் ஆண்டில்தான் அத்திருமேனி மீண்டும் அரங்கத்தை அடைந்தது. அத்தனை ஆண்டுகளும் வழியிலுள்ள ஊர்கள் இடம் தந்திராவிடில் அது மீண்டிராது. அண்மைக் காலத்தில், பர்மாவிலிருந்து திரும்பியோர்க்கும் பின்னர் இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த தமிழர்க்கும் திருச்சியின் கொட்டப்பட்டு தங்குமிடமாயிற்று. இன்று நிலைபெற்றவன் நாளை வழிப்போக்கன் ஆகலாம். நிலையாமையை நாள்தோறும் சிந்திக்கும் நமக்கு இது புதிய செய்தியன்று.

தூய்மை யார் கையில்?

வந்தோர்க்கு நிழல் தருவதற்கு ஊர் முதலில் தன்னைப் பேண வேண்டும். காவிரியிலிருந்து பெட்டவாய்த்தலையில் பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால், முதலாம் இராசராசனின் சிறப்புப் பெயரைத் தாங்கியது. ஆயிரம் ஆண்டுகளாக வயலுக்கு நீர் தந்த அவ்வாய்க்கால், நகருக்குள் நுழையுமிடத்தில் கழிவுநீராலும் குப்பையாலும் நலிவுற்றது. அதனை வெட்டியவன் அரசன்; கெடுத்தவர் அதன் கரையில் வாழ்ந்த நாமே.

ஆக்கியவர்களும் உண்டு. திருச்சியின் கல்மந்தை என்னும் குடிசைப் பகுதியில், பொதுக் கழிப்பிடத்தைப் பேணும் பொறுப்பைப் பெண்கள் குழுவினர் ஏற்றனர். முறை வைத்துக் காவல் இருந்தனர். சிறு கட்டணம் பெற்றுக் கணக்கு எழுதினர். அத்தொகையைக் கொண்டே பழுது நீக்கினர். நாட்டிலேயே திறந்தவெளியில் மலம் கழிக்கும் வழக்கம் ஒழிந்த முதல் குடிசைப் பகுதியாக 2002ஆம் ஆண்டில் கல்மந்தை அறிவிக்கப்பட்டது. செல்வமோ உயர்கல்வியோ இல்லாதவர்கள் சாதித்தது இது.

திருவரங்கத்திலும் கருதத்தக்க ஒரு பணி நிகழ்ந்தது. ஏழு திருச்சுற்றுகளைக் கொண்ட அக்கோயிலின் வெளிச்சுற்றுகளில் வீடுகளும் கடைகளும் நிறைந்துள்ளன. கோயிலைப் புதுப்பித்தபோது, அடைபட்டிருந்த பழைய மழைநீர் வழிகள் மீட்கப்பட்டன. அத்திருப்பணி 2017ஆம் ஆண்டில் ஆசிய-பசிபிக் வட்டாரத்திற்கான யுனெஸ்கோ பாரம்பரியப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. புதிதாக ஒன்றைக் கட்டுவதினும், முன்னோர் அமைத்ததை அடைக்காமல் காப்பது சில வேளைகளில் பெரும்பணி.

வாயிற்படியில் கேட்கப்படும் வினா

இப்போது நம் இல்லங்களை நோக்குவோம். நகரில் வாடகைக்கு வீடு தேடும்போது, புலால் உண்ணாதவர் என்பதால் நமக்குக் கதவு எளிதில் திறப்பதை நம்மில் பலர் அறிவோம். அதே நாளில் அதே வாயிலில் வேறொருவர் சாதியைச் சொல்லியோ ஊரைச் சொல்லியோ திருப்பி அனுப்பப்பட்டிருக்கலாம். நமக்குக் கிடைத்த வசதியில் மகிழ்ந்து, அவருக்கு நேர்ந்த இழிவை நாம் காணாமல் விடுகிறோம்.

நகரங்களில் வீடு கட்டி வாடகைக்கு விடும் நிலைக்கும் நம் குடும்பங்கள் உயர்ந்துள்ளன. நம் வீட்டினுள் உயிர்க்கொலை சார்ந்த உணவு கூடாது என்று விரும்புவது நம் விரதத்திற்கு ஏற்றது. அதனைப் பணிவாகச் சொல்லலாம். ஆனால் பிறப்பைக் கேட்பதும், முகம் சுளிப்பதும், ஏளனமாகப் பேசி அனுப்புவதும் அகிம்சையாகா. சொல்லாலும் கொலை உண்டு என்பதை நாம் கற்றிருக்கிறோம். "இவர்கள் யார்?" என்று சோலையில் கேட்ட அவ்விருவரின் குரல் நம் வாயிற்படியில் கேட்கலாகாது.

நாம் மேற்கொள்ளத்தக்கவை

அணுவிரதங்கள் ஐந்தையும் நகர வாழ்விற்குப் பொருத்திப் பார்ப்போம். கொல்லாமை என்பது தெருவில் வாகனத்தை மெல்லச் செலுத்துவதிலும் தெரியும். எறும்பு முதல் முதியவர் வரை அதனால் பிழைப்பர். பொய்யாமை என்பது புதிதாக வந்தவரிடம் கூலியையும் வாடகையையும் உள்ளவாறு சொல்வது. கள்ளாமை என்பது பொதுத் தெருவையும் வாய்க்கால் கரையையும் நம் மனையோடு சேர்த்துக்கொள்ளாமை. பிறன்மனை நோக்காமை காக்கப்படும் தெருவில் பெண்கள் அச்சமின்றி நடப்பர். மிகுபொருள் விரும்பாமை என்பது நிலத்தடி நீரை நம் தொட்டிக்கே இறைக்காமல் அண்டை வீட்டாரையும் எண்ணுவது. நீரை வடிகட்டிப் பருகும் நாம், அளந்தும் பருகுவோமாக.

இவற்றோடு, கோடையில் வாயிலில் ஒரு குடம் நீரும், வெயிலில் வருவோர்க்கு ஒரு மரநிழலும், வழி கேட்போர்க்கு நின்று விடை சொல்லும் பொறுமையும் வேண்டும். கால்நடையாக விகாரம் செய்யும் நம் முனிவர்கள் இன்றும் இவற்றை நம்பியே ஊர் ஊராக நடக்கின்றனர். அவர்களுக்குச் செய்யும் அன்பில் ஒரு பகுதியை அறிமுகமற்ற ஏழைக்கும் செய்தால், நாம் குடியிருக்கும் ஊர் மீண்டும் ஒரு பள்ளியாகும்.

உறையூருக்குக் கோழி என்றும் ஒரு பெயர் உண்டு. யானையைக் கோழி எதிர்த்து வென்ற இடத்தில் எழுந்த நகர் என்பது அதன் கதை. வலியதைக் கண்டு எளியது அஞ்ச வேண்டாத இடமே குடியிருப்பிற்கு ஏற்றது என்று முன்னோர் கருதினர் போலும். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவ்வூர் நமக்குத் தருவதைக் கேட்போம். எளியவர்க்குத் தருவதையும் கேட்போம். குடிபுகுந்தபின், அவ்வூருக்கு நாம் தருவது என்ன என்று நம்மையே கேட்போம்.

குடும்பத்தோடு கலந்து சிந்திக்க

1. கவுந்தியடிகள் வழியில் அஞ்சிய இடர்கள் எவை? அவை நம் தெருவில் இன்று எவ்வடிவில் உள்ளன?

2. இழிவாகப் பேசியவர்க்காகக் கோவலனும் கண்ணகியும் ஏன் பரிந்து பேசினர்?

3. கல்மந்தைப் பெண்கள் செய்தது போல், நம் தெருவார் கூடிப் பேணத்தக்க பொதுவிடம் எது?

4. நம் வீட்டு வாயிலுக்கு வந்து திரும்பிச் சென்ற ஒருவரை நினைவுகூர முடியுமா? அவரிடம் நாம் என்ன சொன்னோம்?

அறம் வளர்க!