பத்து மாத அட்வான்ஸ் முதல் வாக்காளர் அட்டை வரை: சென்னையில் குடியேறுவோருக்கு

சென்னையில் குடியேற வருகிறவருக்கு வீடு கிடைக்கும் முன்பே அறிவுரை கிடைத்துவிடுகிறது. புரோக்கர் ஒன்று சொல்வார், ஊரிலிருந்து மாமா ஒன்று சொல்வார், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் வேறொன்று சொல்வார். சட்டம், வழக்கம், வதந்தி மூன்றும் அதில் கலந்தே வரும். சட்டமாக இருந்தால் கேட்டுப் பெறலாம். வழக்கமாக இருந்தால் பேரம் பேசலாம். வதந்தியாக இருந்தால் தள்ளிவிடலாம். அதனால் எது எந்த வகை என்று தெரிந்துகொள்வது நல்லது.

நம்பிக்கை: பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்தே ஆக வேண்டும்.

இது பழைய சென்னை வழக்கம் மட்டுமே. தமிழ்நாட்டில் நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகள், பொறுப்புகளுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது அது. ஆனால் இதை வைத்து, ‘மூன்றுக்கு மேல் கேட்டாலே குற்றம்’ என்று எதிர்த்திசையில் ஒரு நம்பிக்கையும் பரவியிருக்கிறது. அதுவும் சரியல்ல. ‘வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபோது’ என்ற விலக்கு அதே பிரிவில் உண்டு. ஆறு மாத அட்வான்ஸ் என்று எழுதிய ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் அது உங்கள் சம்மதம். பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்பு. வீட்டைக் காலி செய்த பிறகு, நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது.

நம்பிக்கை: பதினோரு மாத ஒப்பந்தம் என்றால் எங்கும் பதிவு செய்ய வேண்டாம்.

பதினோரு மாதக் கணக்கின் வேர் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், ஒரு மாதத்தைக் குறைத்து எழுதும் பழக்கம் வந்தது. புதிய வாடகைச் சட்டம் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. காலம் எவ்வளவு குறைவானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடமும் பதிவாக வேண்டும். அதற்கென அரசு இணையதளமும் உண்டு. முத்திரைத்தாளில் எழுதிப் பீரோவில் பூட்டி வைத்தால் மட்டும் போதாது. பின்னால் தகராறு என்று வந்தால், பதிவான ஒப்பந்தம்தான் கைகொடுக்கும்.

நம்பிக்கை: காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள், அதுதான் முறை.

முறை என்று சொல்லிச் சொல்லியே இது நிலைத்துவிட்டது. யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்பதை அதே வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்துக் காட்டுகிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது, குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை ஹவுஸ் ஓனர் பக்கம். குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், அடைத்துக்கொண்ட வடிகால் எல்லாம் குடியிருப்பவர் பக்கம். ‘பெயின்டிங் கழிவு’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள். இருந்தால் அந்த வரியைப் பற்றிப் பேசுங்கள்.

நம்பிக்கை: வாடகை பாக்கி என்றால் ஓனர் மோட்டாரை நிறுத்தலாம், ஃபியூஸைப் பிடுங்கலாம்.

கூடாது. தண்ணீர், மின்சாரம் போன்ற அடிப்படை வசதிகளை நிறுத்த ஹவுஸ் ஓனருக்கு உரிமை இல்லை. பாக்கியை வசூலிக்க வேறு வழி இருக்கிறது. அதற்காகப் பாக்கி வைக்கலாம் என்று அர்த்தமில்லை.

நம்பிக்கை: யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் சொல்வதுதான் கரண்ட் கட்டணம்.

வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு. 2016இல் முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. அதற்கு மேல் படிப்படியாகக் கட்டணம் ஏறும். எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை என்பது மின்வாரியத்தின் கணக்கல்ல, அந்த வீட்டின் கணக்கு. இரண்டு மூன்று குடித்தனங்கள் ஒரே இணைப்பைப் பகிர்ந்தால் மொத்த யூனிட் கூடி, எல்லோரும் மேல் படிக்குப் போய்விடுவார்கள். வீடு பார்க்கப் போகும்போதே தனி ஈ.பி. இணைப்பு உண்டா என்று கேளுங்கள். இருந்தால் இணைப்பு எண்ணை வாங்கி, பில்லை நீங்களே நேரடியாகக் கட்டலாம்.

நம்பிக்கை: டி.டி.எஸ். மீட்டரில் எண் குறைவாக வந்தால் நல்ல தண்ணீர்.

அந்தக் கருவி தண்ணீரில் கரைந்துள்ள உப்பையும் தாதுக்களையும் மட்டுமே சொல்லும். கிருமி இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. இந்தியத் தர அளவுகோலின்படி குடிநீரில் டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. எண் எவ்வளவு அழகாக இருந்தாலும், சம்ப் கழுவப்படாமல் கிடந்தால் வயிறு கெடும். எனவே சம்பைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். கூடவே, மே மாதத்தில் எத்தனை லாரி தண்ணீர் வாங்கினார்கள், அந்தச் செலவு மெயின்டனன்ஸில் அடங்குமா என்றும் கேளுங்கள். 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த நகரம் இது. ‘24 மணி நேரத் தண்ணீர்’ என்ற விளம்பரம் எந்த மாதத்தில் எழுதப்பட்டது என்பதையும் பாருங்கள்.

நம்பிக்கை: ஆடியில் குடி போகக் கூடாது.

நம்பிக்கை உள்ளவர் தாராளமாகக் கடைப்பிடிக்கலாம். சட்டத்துக்கு இதில் வேலையில்லை. நம்பிக்கை இல்லாதவருக்குச் சின்ன ஆதாயம் உண்டு: பலர் ஒதுங்கி நிற்கும் மாதத்தில் டூ லெட் பலகைக்கு முன்னால் போட்டி குறையும், பேரத்துக்கு இடம் கிடைக்கும்.

நம்பிக்கை: சொந்த வீடு ஊரில்தான்; அதனால் ஓட்டும் ஊரில்தான்.

வாடகை வீட்டுக்காரருக்குச் சென்னையில் ஓட்டு கிடையாது என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதை நேர்மாறாகப் பார்க்கிறது. ஒருவர் வழக்கமாகக் குடியிருக்கும் தொகுதியில்தான் அவர் பெயர் இருக்க வேண்டும். ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருப்பதால் மட்டும் அங்கே குடியிருப்பதாக ஆகாது. முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 போதும். தெருவிளக்கு எரியாததற்கும் கழிவுநீர் தேங்குவதற்கும் யாரைக் கேட்பது என்று புலம்புகிறவர் முதலில் நிரப்ப வேண்டிய தாள் அது.

டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். சுவர், குழாய், மீட்டர் எண் ஆகியவற்றைத் தேதியோடு படம் எடுத்து ஹவுஸ் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வாயால் ஒத்துக்கொண்டதை எல்லாம் ஒப்பந்தத்தில் ஏற்றச் சொல்லுங்கள். நல்ல ஓனர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், அட்வான்ஸ் கைமாறும் முன்பே தெரிந்துகொண்டது லாபம்.