கல் முந்தியதா, நிலம் முந்தியதா?

ஸ்கொட்லாந்தின் மேற்கே லூயிஸ் தீவில் கலனிஷ் என்றோர் ஊர் உண்டு. மரங்கள் குறைந்த, ஈரமான வெட்டவெளி. அங்கே 4.8 மீற்றர் உயரமான ஒரு கல் நடப்பட்டு நிற்கிறது. சுற்றிவர வட்டமாக 13 கற்கள். வட்டத்திலிருந்து நான்கு பக்கமும் கல் வரிசைகள் செல்கின்றன. இவை கி.மு. 2900க்கும் 2600க்கும் இடையில் நடப்பட்டவை என்பர். அதாவது, எகிப்தின் பெரிய பிரமிட்டுக்கும் முந்தியவை.

ஆளில்லாத பாழ்வெளியைத் தேடிப்போய் ஏன் கல் நட்டார்கள்? படத்தைப் பார்த்ததும் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கேள்வியே பிழை. 1980, 1981ஆம் ஆண்டுகளில் பற்றிக் ஆஷ்மோர் என்னும் தொல்லியலாளர் அகழ்ந்தபோது, கற்களுக்கு முந்திய பயிர்ப் பாத்திகளின் தடயங்கள் கிடைத்தன. மனிதர் பயிரிட்டு வாழ்ந்த நிலத்திலேதான் கல் நடப்பட்டது. பாழ்வெளி பிறகு வந்தது.

எப்படி வந்தது? காலநிலை குளிர்ந்து மழை மிகுந்தது. நீர் தேங்கிய மண்ணில் ஒட்சிசன் குறைவு; ஆகவே இறந்த பாசியும் புல்லும் முழுதாக உக்குவதில்லை. அவை படைபடையாகச் சேர்ந்து கபில நிற மண்ணாகின்றன. புவியியலில் நாம் முற்றா நிலக்கரி என்று படிப்பது இதைத்தான். கி.மு. 1000க்கும் 500க்கும் இடையில் தொடங்கிய அந்தப் படிவு கற்களைக் கொஞ்சங் கொஞ்சமாக மூடிற்று. 1857இல் தீவின் உரிமையாளர் ஜேம்ஸ் மத்திசன் (சீனாவில் அபின் வியாபாரத்தால் செல்வம் சேர்த்தவர்!) அதை வெட்டி அகற்றுவித்தார். ஆழம் சுமார் 1.5 மீற்றர். கணக்குப் பார்த்தேன்: ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கு 1500 மில்லிமீற்றர் என்றால், வருடத்துக்கு 0.6 மில்லிமீற்றர். ஒருவர் அறுபது வயதுவரை வாழ்ந்தாலும் நான்கு சென்ரிமீற்றர்கூட உயர்ந்திராது. தன் வயல் மறைவதை யார்தான் கண்டிருப்பார்?

கற்கள் எதற்காக என்பதற்குப் பதில்கள் பல. மதம் மாற மறுத்த அரக்கர்கள் கல்லானார்கள் என்பது ஊர்க் கதை. 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கே சந்திரன் தென் அடிவானத்தை ஒட்டி மிகத் தாழ்வாகச் செல்லும். அதைக் காணவே நட்டார்கள் என்பது இன்னொரு கருத்து. சந்திரன் அப்படிச் செல்வது உண்மை. நட்டவர்களின் எண்ணம் அதுதான் என்பதற்கு அது சான்றாகாது. பரீட்சைத் தாளில் வெற்றிடம் விடப் பயந்தவர்கள் எழுதும் விடைபோலவே எனக்குப் படுகிறது.

வெட்டி அகற்றியபோது வட்டத்தின் நடுவே சிறிய கல்லறை ஒன்று வெளிப்பட்டது. அதுவரை அதன்மேல் புல் முளைத்திருந்தது.