கறிவேப்பிலைச் செடியே பாடப்புத்தகம்

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியைப் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்தேன். மறுநாளே மறந்துவிட்டாள். எப்படிப் புரியவைப்பது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: படத்தை மூடி வையுங்கள். வீட்டில் எலுமிச்சையோ கறிவேப்பிலையோ இருந்தால், அதன் இளந்தளிர்களில் மகளோடு சேர்ந்து தேடுங்கள். எலுமிச்சைப் பட்டாம்பூச்சி அங்கேதான் வெளிர்மஞ்சள் முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். சில நாளில் வெளிவரும் புழு, பார்க்கப் பறவை எச்சம்போலவே இருக்கும். பறவைகளிடமிருந்து தப்பிக்க அந்த வேஷம். வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். லேசாகச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற உறுப்பை நீட்டி, நாற்றம் பரப்பும். இதைப் பார்த்த குழந்தை எளிதில் மறக்காது.

புழுவை அகன்ற வாய் பாட்டிலில் விட்டு, மெல்லிய துணியால் மூடிக் கட்டுங்கள். தினமும் அதே செடியின் புது இலை போடுங்கள். பூச்சிமருந்து அடித்த இலை கூடவே கூடாது. கூட்டுப்புழு ஒட்டிக்கொள்ள ஒரு குச்சியும் வேண்டும். பார்த்ததை அவளே வரையட்டும். தேதியை நீங்கள் எழுதுங்கள். பட்டாம்பூச்சி வெளிவந்ததும் இறக்கை விரிந்து காயும்வரை தொடாதீர்கள். பிறகு வெளியே விட்டுவிடுங்கள்.

சில புழுக்கள் செத்துப்போகலாம். சிலவகைக் குளவிகள் அவற்றின் உடலுக்குள்ளேயே முட்டையிடும். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்து வெட்டுக்கிளியைக் காட்டுங்கள். அதற்குக் கூட்டுப்புழுப் பருவமே கிடையாது. குஞ்சு இறக்கை இல்லாமல், தாயின் சாயலிலேயே இருக்கும். எல்லா உயிரும் ஒரே வழியில் வளர்வதில்லை என்று தெரிந்துகொண்டால், ஐந்து வயதுக்கு அதுவே போதும்.